கொம்மாதுறை வரைக்கும்

புஸ்பத்தைத் தெரிந்தவர்கள் அவளிடம் இரண்டு பேரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். ஒன்று, அவள் புருசன். மற்றது, இலட்சுமிப்பிள்ளை. புருசன் பேச்சு வந்தால் அவள் முகம் சுருங்கும், அவ்வளவுதான். இலட்சுமிப்பிள்ளை பேச்சு வந்தால் அகப்பையால் சட்டி விளிம்பில் நாலு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் பேச்சைத் தொடர்ந்தவர்கள் வந்தாறுமூலையில் ஒருவருமில்லை.

கம்பஸ் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, பிரதான வீதியோடு அவளுடைய சாப்பாட்டுக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள் முதல் வருடம் அவளுடைய உறைப்புக்குக் கண்ணீர் விடுவார்கள், இரண்டாம் வருடம் “அன்ரி, இன்னும் கொஞ்சம்” என்று சோற்றுக் கோப்பையை நீட்டுவார்கள். வாவி இறாலும் கத்தரிக்காயும் சேர்த்து அவள் வைக்கிற கறிக்குப் பதினொரு மணிக்கே ஆள் வந்து நிற்கும். கைராசிக்காரி என்று பெயர். வாய்க்காரி என்றும் பெயர். இரண்டையும் அவள் மறுத்ததில்லை.

இலட்சுமிப்பிள்ளை வாவிக்கரைக்குப் போகிற ஒழுங்கையின் முடிவில் இருப்பவள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே குடைக்குள் போய் ஒரே குடைக்குள் வந்தவர்கள். புஸ்பத்தின் புருசன் வாழைச்சேனைப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டபோது அதை அவள் சொல்லி அழுத ஒரே ஆள் இலட்சுமிப்பிள்ளைதான். ஊருக்கு அவள் சொன்னது வேறு கதை: அவர் கட்டாருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அந்தக் கதையை அவள் நன்றாகவே வளர்த்தாள். அங்கே வெயில் கூடவாம், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம், இந்த ஃபோன் அவர் அனுப்பியதாம். ஃபோன் அவளே ஏறாவூரில் போய் வாங்கியது.

அந்த வருடம் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு முடிந்து, கோயில் வாசலில் பொங்கல் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் நின்று புஸ்பம் அந்த ஃபோனைக் காட்டிக்கொண்டிருந்தாள். பொங்கல் கொடுக்கிற இடத்தில் நின்ற இலட்சுமிப்பிள்ளை, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“புஸ்பத்துக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க. பாவம், அவளுக்கு இனி ஆரிரிக்கா?”

‘இனி’ என்ற அந்தச் சொல்லோடு கட்டார் முடிந்தது. அதைவிடக் கொடுமை, ஒருவரும் திடுக்கிடவில்லை. ஒருத்திகூட “என்ன, என்ன?” என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் கட்டாரில் வெயில் எப்படி என்று அவளிடம் விசாரித்திருக்கிறார்கள். புஸ்பத்தின் கையிலிருந்த வாழையிலை மடங்கியது. அவமானத்தை அவமானமாகவே வைத்திருக்க அவளுக்கு வழக்கமில்லை. அது தொண்டைக்கு வருவதற்குள் கோபமாகிவிடும்.

“உன்ட செத்த வீட்டுக்கும் வரமாட்டன்கா!” என்றாள், அம்மன் வாசலிலேயே.

இந்தப் பக்கத்தில் இந்த வார்த்தையைச் சொல்லாதவர்கள் குறைவு. வேலிச் சண்டையிலும் சொல்வார்கள், வரம்புச் சண்டையிலும் சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நாள் வந்ததும், வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு பேசாமல் போய்க் குந்திவிடுவார்கள். யாரும் குத்திக்காட்டுவதுமில்லை. ஆனால் புஸ்பம் சொன்னதைச் செய்கிறவள் என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயரை அவள் ஏழு வருடம் கட்டிக் காத்தாள். இலட்சுமிப்பிள்ளை ஏறினால் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கோயிலுக்கு நேரம் மாற்றிப் போனாள். தூரத்தில் அவளுடைய சிவப்புக் குடை தெரிந்தால் எதிர்ப்பக்கம் கிறுகி நடந்தாள். கோபம் வைத்திருப்பதும் பசு வளர்ப்பது போலத்தான். நேரத்துக்கு நேரம் பார்க்க வேண்டும்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

விடியப் புறத்திலேயே ஏறாவூர்ச் சந்தைக்குப் போன புஸ்பம், கத்தரிக்காயும் கீரையும் ஒரு பை, மீன் ஒரு பை என்று கொண்டு பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தாள். பஸ் செங்கலடிச் சந்தியில் நின்றது. சந்திக் கம்பத்தில் ஒரு பனர் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை. இரண்டு பக்கமும் மெழுகுதிரி. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில், கலியாண வீட்டுச் சேலையோடும் பெரிய மூக்குத்தியோடும், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற இலட்சுமிப்பிள்ளை. பெயர் எழுதியிருந்த கீழ்ப்பகுதியை ஒரு ஆட்டோ மறைத்துக்கொண்டு நின்றது. பெயர் எதற்கு? அந்த முகத்தை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பஸ் எடுத்தது.

அப்போது அவளுக்குள் முதலில் வந்தது என்ன என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல் முழுவதும். அழுகை வரவில்லை. திகைப்புக்கூட இல்லை. ‘அப்பாடா’ என்று ஒன்று வந்தது. நாள் முழுக்கச் சுமந்த தண்ணீர்க்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு லேசு. இனிக் குடை பார்க்க வேண்டாம். இனிப் பஸ் மாற வேண்டாம். மீனுக்குப் புளி போதுமா என்று யோசித்தாள். காற்று முகத்தில் அடித்தது நன்றாக இருந்தது. இன்னும் சொல்லப்போனால், அவளுக்குச் சந்தோசமாகவே இருந்தது.

கொம்மாதுறையில் ஒரு பெண் இறால் போட்ட பேசினைத் தூக்கிக்கொண்டு ஏறி, “கொஞ்சம் அங்கால இரிங்கக்கா” என்றாள். புஸ்பம் தள்ளி இருந்தாள். தள்ளி இருந்தவுடனேயே அழுகை வந்தது. ஏன் அந்த இடத்தில் வந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இறாலைக் கண்டா? ‘அக்கா’ என்ற சொல்லைக் கேட்டா? தோளும் மாரும் குலுங்க, பக்கத்தில் இருந்தவள் பயந்துபோகும்படி அழுதாள்.

“நல்லாத்தான இரிந்தீங்க? என்ன நடந்த?”

“கண்ணுக்க தூசி விழுந்திட்டு,” என்றாள் புஸ்பம், கீரைப் பையை முகத்தோடு அணைத்துக்கொண்டு.

கடைக்கு வந்ததும் பைகளை மூலையில் வைத்தாள். கடையின் முன்கதவைத் திறக்கவில்லை. அடுப்பும் மூட்டவில்லை. செத்தவள் மேல் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டுச் செத்தால் என்ன? ‘பிழைதான்கா’ என்ற ஒரு சொல்லுக்கு ஏழு வருடம் போதாதா? இப்படி இடை நடுவில் விட்டுவிட்டுப் போனால் மற்றவள் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? “போகமாட்டன்,” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வெள்ளைச் சேலையின் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. பறைமேளச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. எதிரே வந்தவர்கள் அவளைக் கண்டு ஒதுங்கி வழி விட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தது யார் என்று ஊருக்கெல்லாம் தெரியும். புஸ்பத்துக்கும் தெரிந்துதான் வருகிறாள் என்று நினைத்தார்கள். வாசல் படலையில் நின்ற இலட்சுமிப்பிள்ளையின் மகன் மதுரன் அவளைக் கண்டு கைகூப்பினான். அவன் கண் வீங்கியிருந்தது. அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். தாயில்லாப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டே வீட்டு வாசலுக்குப் போனாள்.

செத்த வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு இங்கே ஒரு முறை உண்டு. வாசலிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்குவாள். உள்ளே பெட்டியைச் சுற்றி வட்டமாகக் குந்தியிருக்கிற பெண்கள் இடம்விட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்து, செத்தவருக்கு நெருங்கிய பெண்ணின் தோளில் சாய்த்துவிடுவார்கள். இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்கிற வேலை அதில் இல்லை. புஸ்பமும் பார்க்கவில்லை.

“என்ட லட்சுமி! என்ன விட்டுட்டுப் போயிட்டியேகா! ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியேகா! நான் ஆரோட கோவிச்சுக்கொள்ளுவன்கா இனி!”

கைகள் இழுத்தன. ஒரு தோள் அவளைத் தாங்கியது. முதலில் வந்தது கோடாலித் தைல மணம். அந்த மணம் அவளுக்குத் தெரியும். தலையிடிக்காரி இலட்சுமிப்பிள்ளை காலையும் மாலையும் நெற்றியில் பூசுவது. பெட்டிக்குள் இருக்க வேண்டிய மணம் தோளில் எப்படி வந்தது என்று அவள் குழம்புவதற்குள் காதோடு ஒரு குரல் கேட்டது.

“நான் சாகல்லகா. அக்காதான்.”

புஸ்பம் முந்தானையை விலக்கினாள். ஒரு சாண் தூரத்தில் இலட்சுமிப்பிள்ளையின் முகம், மூக்குத்தியோடு, உயிரோடு. பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய அக்கா தங்கப்பிள்ளை. பனிச்சங்கேணியில் இருந்த பிள்ளையில்லாத விதவை. வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கவென்று சில மாதங்களுக்கு முன் தங்கச்சி வீட்டுக்கு வந்தவள். அந்த வீட்டுப் பேச்சையே கேட்காமல் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? அழுகை பட்டென்று நின்றது. இலட்சுமிப்பிள்ளை அவள் தலையைப் பிடித்து மறுபடி தோளில் அழுத்தினாள்.

“அழுகா. எல்லாரும் பாக்காங்க.”

அவள் அழுதாள். இந்தமுறை யாருக்காக என்று தெரியாமல் அழுதாள். தன்னைப் பிடித்திருந்த உடம்பு குலுங்குவது தெரிந்தது. அழுகையா, சிரிப்பா? அக்காவின் பெட்டியடியில் குந்திக்கொண்டு ஒருத்தி சிரிப்பாளா? தன் உடம்பு எதற்குக் குலுங்குகிறது என்றே புஸ்பத்தால் சொல்ல முடியவில்லை. பிறகல்லவா மற்றவளுடையது.

பனர் விஷயம் மத்தியானத்துக்குள் வெளிச்சமாகிவிட்டது. அக்காவும் தங்கையும் ஒரு கலியாண வீட்டில் சேர்ந்து நின்ற படத்தை மதுரன் ஏறாவூரில் அச்சடிக்கிற கடைக்கு அனுப்பியிருக்கிறான். “இடப்பக்கம் நிக்கிறவ” என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது நிற்கிற ஆட்களின் இடப்பக்கம். கடைக்காரர் பார்த்தது தன் இடப்பக்கம். அடித்துக் கட்டின பிறகு சொந்தக்காரர் ஒருவர் செங்கலடியில் கண்டு அலறி, எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஊர் இரண்டு நாள் இதைச் சொல்லிச் சிரித்தது. புஸ்பம் மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு வேறு தலையிடி வந்துவிட்டது. ஊர் அவளைப் புகழத் தொடங்கியது. “சத்தியத்தையும் பாக்காம கூட்டாளிட துக்கத்துக்குப் போனாளே, அதுதான் மனம்” என்று கடைக்கு வந்த பெண்கள் சொன்னார்கள். ‘விட்டுட்டுப் போயிட்டியே’ என்று அவள் அழுததை, பிரிந்து கிடந்த ஏழு வருடத்தைச் சொல்லி அழுததாகவே எல்லோரும் விளங்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஊர் ஒருநாளும் பேசியதில்லை. கேட்கக் கேட்க அவளுக்குக் காது சுட்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம். புகழ்கிறவளை என்ன செய்வது?

ஊருக்குத் தெரியாதது இலட்சுமிப்பிள்ளைக்குத் தெரியும்: அந்த அழுகை அக்காவுக்கானதல்ல. அதை நினைக்கும்போது, கிணற்றடியில் குளிக்கிறதை யாரோ பார்த்துவிட்டது போல் புஸ்பத்துக்குக் கூசியது. இலட்சுமிப்பிள்ளைக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த அழுகைக்கு முன்னால், செங்கலடிக்கும் கொம்மாதுறைக்கும் இடையில் வந்த ‘அப்பாடா’. எது மெய்? லேசாக இருந்ததா, அழுததா? மெய்யாக அழுதவளுக்கு அப்படி லேசாக இருந்திருக்குமா? லேசாக இருந்தவளுக்கு அந்த அழுகை எங்கிருந்து வந்தது? இரவில் படுத்தால் இதுதான். சோறு வடிக்கும்போதும் இதுதான். ஒருநாள் கறிக்கு இரண்டுமுறை உப்புப் போட்டாள், பிள்ளைகள் சொல்லத் துணியாமல் தின்றார்கள்.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, மதுரன் ஒரு பார்சல் சோறு கொண்டுவந்து, “அம்மா தரச் சொன்ன” என்று வைத்துவிட்டுப் போனான். அவள் அதை நெடுநேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் தின்றாள். இலட்சுமிப்பிள்ளை ஒருநாள் வரத்தான் போகிறாள். வந்து கையைப் பிடிக்கத்தான் போகிறாள். பிடித்தால் சொல்வதா, விடுவதா? சொன்னால் இருப்பதும் போய்விடும். சொல்லாவிட்டால், இது இன்னொரு கட்டார். ஒரு கட்டாரை வைத்து ஊர் முன்னால் அவள் பட்டது போதும்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டொரு நாளில், சாப்பாட்டு நேரம் ஓய்ந்து பிள்ளைகளெல்லாம் போனபிறகு, கடை வாசலில் சிவப்புக் குடை மடங்கியது. இலட்சுமிப்பிள்ளை உள்ளே வந்து சுவரோரக் கதிரையில் இருந்தாள். புஸ்பத்தின் கை தன்பாட்டில் அகப்பையைத் தேடியது. எடுத்தாள், தட்டவில்லை.

“மீன் இரிக்கா?” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “ஒரு மாசமா மரக்கறி. நாக்குச் செத்துப்போச்சு.”

புஸ்பம் சோறும் மீனும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மற்றவள் தலை குனிந்து சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினாள்.

“அண்டைக்கி நீ அழுத அழுக...”

“பொறுகா,” என்றாள் புஸ்பம். எதிரே இருந்தாள். எழும்பினாள். மறுபடி இருந்தாள். “நீ ஒண்டும் சொல்லாத. முதல் நான் சொல்றன். பஸ்ஸுக்க பனரைக் கண்டவுடன எனக்கு அழுக வரல்ல. சந்தோசமாத்தான் இரிந்த.”

இலட்சுமிப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். 

“எவ்வளவு நேரம்?”

“என்ன?”

“சந்தோசம். எவ்வளவு நேரம் இரிந்த?”

புஸ்பம் யோசித்தாள். பொய் சொல்ல இடம் இருந்தது. “கொம்மாதுறை வரைக்கும்,” என்றாள்.

“அதுக்கு மறுகா?”

“மறுகா தெரியாது. அழுதன். ஏனெண்டு கேக்காத, எனக்கு விளங்கல்ல. எது மெய்யெண்டும் விளங்கல்ல. நீ வேறமாதிரி நினைச்சுக்கொண்டு வந்திரிப்பாய். அதுதான் சொல்லிட்டன். இனி ஒழும்பிப் போறதெண்டாப் போ.”

இலட்சுமிப்பிள்ளை எழும்பவில்லை. மீன் முள்ளைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கினாள்.

“குளிர்த்தியண்டு நான் உன்னப் பாவமெண்டு சொன்னனே,” என்றாள். “அது பாவத்திலதான் சொன்னன் எண்டு இவ்வளவு நாளும் எல்லாரிட்டயும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். நீ அந்த ஃபோனைக் காட்டிக் கட்டார்க் கதை சொல்லக்குள்ள எனக்குப் பாவமாவும் இரிந்த, எரிச்சலாவும் இரிந்த. எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சுகொண்டு என்ட முன்னாலயே சொல்றாளே எண்டு எரிச்சல். வாய்க்கு வந்த சொல்லு பாவம். வாயைத் திறந்தது எரிச்சலோ என்னமோ. ஏழு வருசமாத் தேடிப் பாக்கன், பிடிபடுதில்ல.”

“அப்ப பிழையெண்டு சொல்லமாட்டாய்?”

“பிழைதான்கா. அதில எனக்குக் குழப்பமில்ல.”

புஸ்பத்துக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது. கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. வென்றது போலவும் இல்லை, தோற்றது போலவும் இல்லை. பெயர் தெரியாத ஏதோ ஒன்று வந்தது. அதைக் கோபமாக்கப் பார்த்தாள், அது ஆகவில்லை.

“ஒண்டு சொல்றன் கேள்,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “என்ட செத்த வீட்டுக்கு நீ வந்திட்டாய். ஆரும் அழாத மாதிரி அழுதும் போட்டாய். அக்காவுக்குக்கூட நான் அப்பிடி அழல்ல. அந்தக் கடமை முடிஞ்சு. இனி நான் மெய்யாச் செத்தா நீ வரத் தேவல்ல.”

“வரமாட்டன்தான்,” என்றாள் புஸ்பம்.

இலட்சுமிப்பிள்ளை கோப்பையை நீட்டினாள். புஸ்பம் சோறு போட்டாள். போட்டுவிட்டு, மேலே இன்னொரு அகப்பையும் போட்டாள்.

“கூடப் போட்டிட்டாய்.” இலட்சுமிப்பிள்ளை அவள் முகத்தையே பார்த்தாள். “பாவமெண்டுதானா போட்டாய்?”

“தெரியாதுகா,” என்றாள் புஸ்பம். “தின்.”